புது லேப்டாப் வாங்குவதற்கு முன்

சிவாஜிநகர், பெங்களூரு

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ அழாத குறையாகப் பேசியதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. ஆய்வேட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில், மெமரி போதவில்லை என்று வேர்டைப் பாதியில் மூடி லேப்டாப் இப்படிப் படுத்தினால் யாருக்குத்தான் தாங்கும்? ஆனாலும் தவணையில் புதுசு வாங்கும் யோசனையைக் கொஞ்சம் நிறுத்தி வை. டெல்லியில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே உன் பணம் போய்விடுகிறது. நம் டிடிபி கடையில் உன் லேப்டாப்பைவிடப் பழைய கம்ப்யூட்டரில்தான் இன்றும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம்.

முதலில் ஆய்வேட்டை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துவிடு. அப்புறம் வழக்கம்போல வேர்டு, பிடிஎஃப், குரோம் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. கீழே ‘கமிட்டட்’ என்ற இடத்தில் 5.7/6.0 என்பதுபோல இரண்டு எண்கள் தெரியும். முதல் எண், திறந்திருக்கும் புரோகிராம்கள் கேட்டு வாங்கியிருக்கும் மெமரி. இரண்டாவது எண், உன் 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஒதுக்கியிருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம். முதல் எண் அதை முட்டிக்கொண்டு நின்றால், மெமரி போதவில்லை என்று வேர்டு மூடிக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

ராம் என்பது வேலை செய்கிற மேசை. அதில் இடம் தீர்ந்ததும், கொஞ்ச நேரமாகத் தொடாததை விண்டோஸ் பரணில் ஏற்றிவிடும். அந்தப் பரண்தான் பேஜ் ஃபைல்.

பொதுவாக அதன் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். சி டிரைவ் நிரம்பிவிட்டால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணி, 15 ஜிபியாவது இடம் விடு. அதற்குப் பிறகும் தகராறு என்றால், ஸ்டார்ட் மெனுவில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடு. பெர்ஃபார்மன்ஸுக்குக் கீழே செட்டிங்ஸ், அதில் மறுபடி அட்வான்ஸ்டு, அங்கே விர்ச்சுவல் மெமரிக்கு ‘சேஞ்ச்’. மேலே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, கஸ்டம் சைஸில் இரண்டு கட்டத்திலும் 8192 போடு. எம்பி கணக்கு அது, அதாவது 8 ஜிபி. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் வேலைக்கு நடுவில் ஃபைல் வளர வேண்டியிருக்காது. ஓகே கொடுப்பதற்கு முன் ‘செட்’ பட்டனை அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் நீ போட்டது பதியாது. பிறகு ரீஸ்டார்ட்.

‘நோ பேஜிங் ஃபைல்’ வைத்தால் வேகம் கூடும் என்று ஹாஸ்டலில் யாராவது சொன்னால் கேட்காதே. 4 ஜிபியில் அப்படிச் செய்தால் புரோகிராம்கள் இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதனால் வேர்டு பாதியில் மூடுவது நிற்கும், ஆனால் வேகம் பெரிதாகக் கூடாது. ராமோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க் பல ஆயிரம் மடங்கு மெதுவானது. குரோமில் வேண்டாத டேபை மூடி வைப்பதுதான் இப்போதைக்கு வழி. நிஜமான வேகம் வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி போட வேண்டும், இன்னொரு 4 ஜிபி ராமும் சேர்க்க வேண்டும். இங்கே என்றால் நானே எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் வாங்கிப் போட்டுவிடுவேன். உனக்கு அங்கே நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட் இருக்கிறது. பழைய ராமைக் கழற்றச் சொல்லி, அதைக் காட்டியே வாங்கு. ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு; டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது.

ரீஸ்டார்ட் ஆனதும் அந்த ‘கமிட்டட்’ எண்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. எஸ்எஸ்டிக்கான பணத்தை நான் போட்டுவிடுகிறேன், நீ எழுதுகிற வேலையைப் பார்.

அன்புடன்,
அம்மா