எழுத்துக்கூட்டி வாசி பிள்ளை

மகள்,

மெசேஜ் போட்டா நீ கட்டைவிரல் படம் ஒண்டை அனுப்பிப்போட்டு விட்டிடுவாய், அதான் கடிதமா எழுதுறன். மெல்ல எழுத்துக்கூட்டி வாசி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில நாலாம் ஆண்டு மட்டும் படிச்சனீ தானே, மறந்திருக்காது.

மொன்றியலில எங்கட பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் அப்பிடியே தான் இருக்கு. கீழ்வீட்டு அன்ரியாக்கள் டொரொண்டோவுக்குப் போயிட்டினம். சின்னவனுக்கு இருமல் மாறிட்டுதோ? உங்கட ரிமுஸ்கியில ஆத்துக்காத்து கூட, தொப்பி போட்டு விடு.

சென்சஸ் ஃபோர்ம் வந்தது, முந்தி அப்பா, பேந்து நீ நிரப்பித் தருவாய், இந்தமுறை நான் தனிய இருந்து நிரப்பினன். சின்ன வயசில வீட்டில முதல் பழகின, இப்பவும் விளங்குற பாஷை எது எண்டு கேட்டிருக்கு. தமிழ் எண்டு போட்டன். முதல் பழகினது இப்ப விளங்காட்டி ரெண்டாவதா பழகினதை எழுதட்டாம். அந்த வரியை நாலு தரம் வாசிச்சன். வீட்டில கூடக் கதைக்கிற பாஷையும் கேக்கினம், நான் ஆரோட கதைக்கிறன், சாமிப்படத்தோடயும் டீவியோடயும், அதுக்கும் தமிழ்தான். நீ சின்னவனுக்கு என்ன போட்டனீயோ. கேக்கேல்லை, சும்மா சொல்லுறன்.

மருமகனில ஒரு பிழையும் இல்லை, தங்கமான பிள்ளை. அண்டைக்கு வீடியோவில சின்னவன் உன்னட்டக் கேட்டது எனக்கு விளங்கினது, அம்மம்மா ஏன் இப்பிடிக் கதைக்கிறா எண்டு. நீ ஃபோனை அங்கால திருப்பினாய். அதுக்குப் பிறகு மூண்டு ஞாயிறு போட்டுது. உன்ர பிரெஞ்சைக் கேட்டா அங்க பிறந்ததுகளே தோத்துப்போகும் எண்டு கோயில்ல எல்லாருக்கும் பெருமையாச் சொல்லுறனான். தொப்பி காதையும் மூடவேணும்.

பிள்ளையள் தமிழை விட்டதுக்கு இங்க எல்லாரும் கியூபெக்கின்ர 101ஆம் சட்டத்தில பழியைப் போடுவினம். 1977இல வந்த சட்டம், பிள்ளையளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னது, கடைப்பலகையைப் பிரெஞ்சில எழுதச் சொன்னது. எங்கட குசினிக்குள்ள அது வரேல்லை பிள்ளை, நான்தான் கொண்டுவந்தனான். வீட்டிலயும் பிரெஞ்சில கதைக்கட்டாம் எண்டு புதுசா வந்த பிள்ளையளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிற அக்கேய் வகுப்பு டீச்சர் சொன்னவ எண்டு உனக்கும் அப்பாவுக்கும் சொன்னன் எல்லே, ஒரு டீச்சரும் அப்பிடிச் சொல்லேல்லை. மீட்டிங்கில நான் வாயைத் திறக்க நீ நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீ, அது எனக்குப் பொறுக்கேல்லை. வந்த பெரியாக்களுக்குப் பிரெஞ்சு படிப்பிச்ச கோஃபி வகுப்பையும் ஷாபானெல் தெருத் தையல் வேலைக்காக விட்டிட்டன், நீ வீட்டில கதைச்சா எனக்கும் வரும் எண்டு ஒரு ஆசை. நீ தமிழில சாப்பாடு கேக்கக் காது கேக்காத மாதிரி நிண்டிருக்கிறன். உனக்கு ஆறு வயசு. பசியோட நிண்டு பிரெஞ்சுச் சொல்லைத் தேடினனீ.

அப்பா கடைசி மட்டும் அந்த டீச்சரைத்தான் திட்டினவர்.

விளங்காத சொல்லுக்குக் கீழ பென்சிலால கோடு போட்டு வை. ஞாயிறு எடுக்கேக்க ஒவ்வொண்டாக் கேள், சொல்லித்தாறன். சின்னவனும் பக்கத்தில இருந்தா இருக்கட்டும்.

அம்மா