கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் விழும் லென்ஸ் குறித்த புகார்

அனுப்புநர்:
ஸ்டூடியோ உரிமையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் ஆட்டோ ஃபோகஸ் பிழையைச் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கோருதல்.

ஐயா / அம்மையீர்,

கடந்த ஏப்ரல் மாதம், என்னிடம் ஏற்கெனவே உள்ள தங்கள் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் கேமராவுக்காக மேற்கண்ட லென்ஸை வாங்கினேன். வாங்கிய மூன்றாவது வாரம் ஒரு மணிவிழாவில், தம்பதியரைத் தனித்தனியே திண்ணையில் அமர வைத்து, பின்னால் தெரிந்த பந்தல் கால்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கரைந்துபோகும்படி, லென்ஸின் துளையை முழுவதும் திறந்து, அதாவது எஃப்/1.8-இல் படமெடுத்தேன். ஒவ்வொரு முறையும் கேமராவுக்கு அருகில் இருந்த கண்ணின் மேல்தான் ஃபோகஸ் புள்ளியை வைத்தேன். ஆனால் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அம்மையாரின் காதுக்குப் பின்னால் தொங்கிய மல்லிகைச் சரத்தை மொட்டு மொட்டாக எண்ண முடிந்தது, கண்கள் மங்கியிருந்தன. பெரியவரின் படத்திலும் காதோர நரைதான் தெளிவாக இருந்தது. இரண்டு மூன்று படங்களில் அவர்கள் சற்று அசைந்திருக்கலாம், என் கையும் ஆடியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் படங்களிலும் தெளிவு ஒரே திசையில், பின்பக்கமாகவே விலகியிருப்பதற்கு அது காரணமாகாது.

தங்கள் சேவை மையம் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, "பழுது இல்லை, எஃப்/5.6-இல் எடுக்கவும்" என்று எழுதி லென்ஸைத் திருப்பி அனுப்பியது. இந்த விளக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்றரை மீட்டர் தொலைவில் இந்த லென்ஸுக்கு எஃப்/1.8-இல் கிடைக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு (படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம்) ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர், துளையைச் சுருக்கிய எஃப்/5.6-இல் அது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். அதாவது ஃபோகஸ் நான்கு சென்டிமீட்டர் பின்னால் விழுந்தாலும் கண் அந்த எல்லைக்குள் ஒருவாறு அடங்கிவிடும். பிழை கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, லென்ஸை விட்டுப் போகாது. அதோடு, நான் கரைக்க நினைத்த நாற்காலிகளும் படத்துக்குள் திரும்பி வந்துவிடும். எஃப்/5.6 போதும் என்றால் என்னிடமிருந்த பழைய ஜூம் லென்ஸே போதுமே!

சேவை மையத்தின் பதிலுக்குப் பின் நானே சோதித்துப் பார்த்தேன். கேமராவை ட்ரைபாடில் பொருத்தி, நிமிர்த்தி வைத்த ஓர் அட்டையின் மேல் ஃபோகஸ் செய்து, அதன் பக்கத்தில் சாய்த்து வைத்த அளவுகோலில் தெளிவு எங்கே விழுகிறது என்று பார்த்தேன். படம் பதியும் சென்சாரைக் கொண்டே ஃபோகஸ் செய்யும் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறையில்) பத்து முறையும் சரியாக இருந்தது. வியூஃபைண்டர் வழியாக, அதாவது கேமராவின் தனி ஃபோகஸ் உணரியைக் கொண்டு எடுத்தபோது பத்து முறையும் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் பின்னால் விழுந்தது. ஆகவே லென்ஸின் கண்ணாடியில் குறையில்லை, ஆட்டோ ஃபோகஸ் அளவீட்டில்தான் குறை இருக்கிறது. அதே கேமராவில் என் 50 மி.மீ. லென்ஸ் சரியாக இயங்குகிறது. நண்பரின் கேமராவில் இந்த 85 மி.மீ. லென்ஸ் இதே தவறைச் செய்கிறது. கேமரா மெனுவில் உள்ள, ஃபோகஸை முன்பின்னாக நகர்த்தும் நுண்திருத்தத்தை -20 என்ற கடைசி எல்லை வரை இறக்கியும் ஒன்றரை சென்டிமீட்டர் விலகல் மிஞ்சுகிறது.

பின்னணி மங்குவது குறித்து எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்காகத்தான் பணம் கொடுத்தேன். எது தெளிவாக இருக்க வேண்டும், எது மங்க வேண்டும் என்று முடிவு செய்யும் வாய்ப்பை இந்த லென்ஸ் எனக்குத் தரவில்லை என்பதே என் புகார். அந்த மணிவிழாப் படங்களில் பதினொன்றை அச்சிடவே முடியவில்லை. அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்து, கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். மணிவிழாவை இன்னொரு முறை நடத்தச் சொல்ல முடியாதல்லவா?

எனவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் லென்ஸைத் தங்கள் செலவில் பெற்று, என் கேமராவுடன் இணைத்து அளவீடு செய்து, எஃப்/1.8-இல் எடுத்த சோதனைப் படங்களுடன் திருப்பித் தர வேண்டும். அது இயலாவிட்டால் வேறு லென்ஸ் தர வேண்டும். தவறினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். தொழிலுக்காக வாங்கியவன் நுகர்வோர் அல்லன் என்று தாங்கள் கூறக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துபவரை அச்சட்டம் விலக்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், சேவை மையத்தின் பதில், திருத்தம் செய்யாத சோதனைப் படங்கள் 20.