மோதலை நம்பாத தடுப்பாட்டக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த ஐஸ் ஹாக்கி கட்டுரை, டிஃபென்ஸ்மேன் எனப்படும் தடுப்பாட்டக்காரரை ‘எதிராளியைச் சுவரோடு வைத்து நசுக்குபவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மோதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே வேலையை வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல். போட்டிகளில் 20 பருவங்கள் செய்து, 1,564 ஆட்டங்கள் ஆடி, தப்பாட்டத்துக்காக வெளியே உட்காரும் பெனால்டி நிமிடங்கள் மொத்தமே 514 வாங்கிய ஒருவர் இருக்கிறார்: ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். வகுத்துப் பாருங்கள், ஆட்டத்துக்கு 20 விநாடிகூட வராது. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை அவரிடம் 7 முறை வந்தது. அவரைவிட அதிகம் வாங்கியவர் பாபி ஓர் மட்டும்தான், 8 முறை.

மோதாமல் எப்படித் தடுப்பது? எதிரணியின் முன்கள வீரர் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு நேரே வருகிறார் என்று வையுங்கள். தடுப்பவர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே அவரைப் பார்த்திருக்க வேண்டும். மட்டையின் மேல்முனையை ஒரே கையால் பிடித்து, முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்திருப்பார். கை எவ்வளவு தூரம் நீளும் என்பது வருகிறவருக்குத் தெரியக்கூடாது. கண் வட்டின் மேல் போகவே கூடாது, வருகிறவரின் நெஞ்சின் மேல் இருக்க வேண்டும். வட்டும் கையும் தலையும் போக்குக் காட்டும். நெஞ்சு எங்கே போகிறதோ ஆள் அங்கேதான் போவான். தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டை நெருங்கும்போது இருவருக்கும் நடுவில் ஒரு மட்டை நீளம்தான் இடைவெளி. அதற்கு மேல் விட்டால் அவர் நிதானமாகக் குறிபார்த்து அடிப்பார், தடுப்பவரின் கால்களே கோல்கீப்பரின் கண்ணை மறைக்கும். ரொம்ப நெருங்கினால் ஒரே வெட்டில் கடந்துவிடுவார். உடம்பைச் சரிநேராக வைக்காமல் அரை உடம்பு நடுப்பக்கம் தள்ளி நிறுத்தினால், திறந்திருக்கும் வழி ஓரம் ஒன்றுதான். கபடியில் ரைடரைக் கோட்டோரம் ஒதுக்குகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஓரத்துக்குப் போகப் போகக் கோலுக்கான கோணம் குறுகும். மிச்சத்தைப் பலகைச் சுவர் பார்த்துக்கொள்ளும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் இரண்டு விதத்தில். பின்னோக்கிப் போகையில் காலுக்குக் குறுக்கே கால் வைப்பது ஒன்று. எடை ஒரே காலில் நிற்கும் அந்தக் கணத்தில் எதிராளி மறுபக்கம் வெட்டினால் திரும்ப முடியாது. இன்னொன்று, ஆசைப்பட்டு மட்டையை எட்டிக் குத்துவது. குத்து தவறி உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டால், கடந்து போகிறவரை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதைத் தவிர வழியில்லை. இழுத்தால் 2 நிமிடம் வெளியே. லிட்ஸ்ட்ரோமுக்குப் பெனால்டி குறைவாக இருந்ததற்கு அவருடைய சாதுவான குணத்தைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரியான இடத்தில் நின்றவருக்கு இழுக்கும் தேவையே வரவில்லை.

என்.ஹெச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையின் 1997 இறுதித் தொடர் இதற்கு நல்ல சாட்சி. லிட்ஸ்ட்ரோமின் டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு எதிரே ஃபிலடெல்ஃபியா; அங்கே 6 அடி 4 அங்குல எரிக் லின்ட்ராஸ், பக்கத்தில் ஜான் லெக்லேர், இருவரும் மலை மாதிரி. டெட்ராய்ட்டில் மோதலுக்குப் பேர்போனவர் விளாடிமிர் கான்ஸ்டான்டினோவ். அவரை வைத்துக்கொண்டே, பயிற்சியாளர் ஸ்காட்டி போமேன் லின்ட்ராஸுக்கு எதிரே இறக்கியது லிட்ஸ்ட்ரோமையும் வேகம் குறைந்துபோன லாரி மர்ஃபியையும். சாய்க்க முடியாதவரிடம் போய் எதற்கு மோத வேண்டும்? வட்டை எடுக்கப் பின்னால் திரும்பும்போதே தோளுக்கு மேல் ஒரு பார்வை, தொட்டவுடன் முதல் பாஸ், வட்டு வெளியே. வட்டு கிடைக்காதவருக்கு உயரமும் எடையும் இருந்து என்ன செய்ய? டெட்ராய்ட் 4-0 என்று ஜெயித்தது. தொடர் முழுவதும் லின்ட்ராஸ் அடித்தது ஒரே கோல், அதுவும் கடைசி ஆட்டத்தின் கடைசி 15 விநாடிக்குள்.

தாக்குதலிலும் இதே சிக்கனம்தான். நீலக்கோட்டிலிருந்து கோல் சுமார் 60 அடி. ஓங்கி அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எதிராளியின் காலில் பட்டுத் திரும்பினால் அதுவே எதிர்த்தாக்குதல் ஆகிவிடும். லிட்ஸ்ட்ரோம் தாழ்வாக, ஆள் இல்லாத சந்து பார்த்து விடுவார். கோலின் முன் நிற்கும் சக வீரர் டோமாஸ் ஹோல்ம்ஸ்ட்ராம் அதை மட்டையால் தட்டித் திருப்புவார். டெட்ராய்ட்டின் ஜோ லூயிஸ் அரங்கில் கோலுக்குப் பின்னாலிருந்த பலகைகளில் பட்டால் வட்டு நன்றாகத் துள்ளித் திரும்பும். ஆகவே வேண்டுமென்றே கோலை விட்டுத் தள்ளி அடிப்பதும் உண்டு. தவறிவிட்டது என்று பார்ப்பவர் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் வட்டு பலகையில் பட்டு மறுபக்கம் நிற்கும் சகாவிடம் வந்திருக்கும். 2006 டுரின் ஒலிம்பிக் இறுதியில் ஃபின்லாந்துக்கு எதிராக 2-2 என்றிருந்தபோது, மூன்றாம் பகுதி தொடங்கி 10 விநாடியில் தங்கத்தை முடிவு செய்த கோலும் அவர் அடித்ததுதான்.

இந்த வேலையில் ஆள் பழுக்க நாளாகும். என்.ஹெச்.எல். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1989இல் அவர் 53வது ஆள். உடனே அமெரிக்கா போகவில்லை. 2 பருவங்கள் ஸ்வீடனிலேயே, வாஸ்டெரோஸ் அணியில் ஆடினார். அங்கே பனித்தளம் 30 மீட்டர் அகலம், அமெரிக்காவில் சுமார் 26. நாலு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் யோசிக்கும் நேரம் அதில்தான் போய்விடும். 1998 முதல் 2000 வரை நோரிஸ் தேர்வில் மூன்று முறை தொடர்ந்து இரண்டாமிடம். முதல் கோப்பை 2001இல், 31 வயதில். 2008இல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியபோது, ஐரோப்பாவிலேயே பிறந்து ஆடப் பழகிய முதல் வெற்றி அணித்தலைவர் ஆனார்.

கடைசியாக ஒரு திருத்தம். பெட்டிச்செய்தியில் ‘பிளஸ்-மைனஸ்’ எண்தான் தடுப்பாட்டக்காரரின் மார்க் ஷீட் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் களத்தில் இருக்கையில் தன் அணி கோல் அடித்தால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. பவர் பிளேயில், அதாவது எதிரணிக்குப் பெனால்டியால் ஆள் குறைந்திருக்கையில், அடிக்கும் கோல்கள் சேராது. ஆட்டத்துக்கு ஆட்டம் எதிரணியின் மிகச் சிறந்த வரிசைக்கு எதிராகவே இறக்கப்படுபவருக்கும், பலவீனமான வரிசைக்கு எதிராக இறங்குபவருக்கும் அதே கணக்குதான். லிட்ஸ்ட்ரோமின் மொத்தக் கணக்கு கூட்டல் 450. ஒரே ஒரு பருவத்தில்தான் அது கழித்தலுக்குப் போனது: 2010-11, கழித்தல் 2. அவருக்கு 41 வயதில் 7வது நோரிஸ் கோப்பை கொடுத்தது அந்தப் பருவத்துக்குத்தான்.

அன்புடன்,
ஒரு வாசகர்