இல்லை என்றவர் பெயரில் ஒரு பட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த புளூட்டோ கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் நெப்டியூனுக்கு அப்பால் சூரியனைச் சுற்றும் பனிப் பாறைகளின் கூட்டமான கைப்பர் பட்டையைக் கண்டுபிடித்தவர், நெதர்லாந்தில் பிறந்த வானியலாளர் ஜெரார்டு கைப்பர் என்று எழுதியிருந்ததுதான் உறுத்தியது. 1951-இல் அவர் சொன்னது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. நெப்டியூனுக்கு அப்பால் ஆதியில் பனிப் பாறைகள் திரண்டிருக்கும், ஆனால் புளூட்டோ அவற்றையெல்லாம் சிதறடித்திருக்கும் என்பது அவர் கணக்கு. புளூட்டோவை ஏதோ பூமி அளவுக்குப் பெரியது என்று நினைத்திருந்த காலம் அது! அயர்லாந்துக்காரர் எட்ஜ்வொர்த் 1943-லேயே அங்கே ஒரு கூட்டம் இருக்கலாம் என்று எழுதிவிட்டார். புளூட்டோவையும் அதன் துணைக்கோளையும் விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தக் கூட்டத்தின் முதல் ஆளைத் தொலைநோக்கியில் பிடித்தவர்கள் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும். ஆண்டு 1992. கைப்பர் 1973-லேயே காலமாகிவிட்டார்.

அதனால் அவர் பெருமை குறையாது. சனியின் துணைக்கோளான டைட்டனில் மீத்தேன் வாயு இருப்பதை 1944-இல் கண்டவர் அவர். மிராண்டா, நெரீட் என்ற இரண்டு துணைக்கோள்களும் அவர் கண்டவைதான்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டச்சு மொழியில் 'கைப்பர்' என்றால் பீப்பாய் செய்பவர். (டச்சுக்காரர் வாயில் முதல் எழுத்து வேறு மாதிரி ஒலிக்கும், அதற்குத் தமிழில் எழுத்தில்லை.) பலகைகளை வளைத்துச் சேர்த்து, சுற்றிலும் இரும்புப் பட்டை அடித்து இறுக்குவது அந்தத் தொழில். பட்டை அடிக்கிறவர் பெயர் சூரியக் குடும்பத்தின் பட்டைக்கே போய்ச் சேர்ந்தது தற்செயல்தான், ஆனாலும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. இத்தனைக்கும் இவருடைய அப்பா தையற்காரர்.

இந்தப் பெயர்க்காரர்கள் நெதர்லாந்தில் நிறைய. 1901 முதல் 1905 வரை பிரதமராக இருந்த ஆபிரகாம் கைப்பர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற ஹென்னி கைப்பர். கடைசியில் ஓர் 'ஸ்' சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. விண்வெளிக்கு இரண்டு முறை போய்வந்த மருத்துவர் ஆந்த்ரே கைப்பர்ஸ் அப்படித்தான். 2021-இல் இத்தாலி, இங்கிலாந்து மோதிய ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் விசில் ஊதிய பியோர்ன் கைப்பர்ஸும் அப்படித்தான்.

நமக்கு நெருக்கமானவர் இன்னொருவர்: லைடன் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த எஃப். பி. ஜே. கைப்பர் (1907–2003). ட, ண போன்ற நாமடி ஒலிகள், நம்முடைய 'வந்து', 'போய்' மாதிரியான வினையெச்சங்கள், 'என்று' போலச் சமஸ்கிருதத்தில் வரும் 'இதி' ஆகிய மூன்றையும் வைத்து, ரிக் வேத மொழியிலேயே திராவிடம் போன்ற பிற மொழிகளின் சாயல் படிந்திருக்கிறது என்று 1967-இல் வாதிட்டவர். தமிழில் இவரைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. புளூட்டோவுக்கு நான்கு பக்கம் கொடுத்தீர்களே, இவருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கக் கூடாதா?

அன்புடன்,
கும்பகோணம் வாசகர் ஒருவர்