மேடைப் பியானோ வைத்திருக்கும் சென்னை அரங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வயலின் கலைஞர் தன் வயலினோடு வருகிறார். பியானோ கலைஞர் வெறுங்கையோடு வருகிறார். 1986இல் மாஸ்கோவில் வாசிக்கப் போன விளாதிமிர் ஹோரோவிட்ஸ் தன் வீட்டு ஸ்டைன்வே பியானோவையே ஏற்றிச் சென்றார். கிறிஸ்டியன் ஸிமர்மனும் சொந்தப் பியானோவோடு பயணம் செய்தவர். அந்த வசதி ஓரிருவருக்குத்தான் வாய்க்கும். மற்றவர்கள் சிறுவயதில் தொடங்கி, நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் சாதகம் செய்து, ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியை மனப்பாடமாகக் கொண்டுவந்து, உங்கள் மேடையில் நிற்கும் வாத்தியத்தை நம்பி உட்காருகிறார்கள். அதன் நிலைமைக்கு நீங்கள்தான் பொறுப்பு. பியானோ சுருதி சேர்ப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

ஒன்பதடிப் பியானோவில் 88 கட்டைகள், ஏறக்குறைய 230 கம்பிகள். அவற்றின் இழுவிசை மொத்தம் 20 டன் அளவுக்கு வரும். அந்தப் பாரத்தை இரும்புச் சட்டம் தாங்குகிறது. ஒலியைப் பெருக்குவதோ ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஸ்ப்ரூஸ் மரப்பலகை. காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பிக் கம்பிகளை மேலே தள்ளும், சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். எல்லா ஸ்தாயியும் ஒரே அளவில் நகர்ந்தாலாவது சமாளிக்கலாம். நடு ஸ்தாயி அதிகமாகவும் மற்றவை குறைவாகவும் நகர்வதால் பியானோ தனக்குத்தானே ஒவ்வாமல் போகிறது.

சென்னையின் ஈரத்தைவிட, ஏசியை அணைத்து அணைத்துப் போடுவதுதான் அதிகம் கெடுக்கிறது. மாதக்கணக்கில் பூட்டிய அரங்கில் ஈரப்பதம் 75, 80 சதவீதத்தில் நிற்கும். கச்சேரியன்று மதியம் ஏசி ஓடத் தொடங்கும். சில மணி நேரத்தில் அது 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காலையில் சேர்த்த சுருதி இடைவேளைக்குள் கலைந்துவிடும். இதைப் பல ஆண்டுகள் செய்தால் பலகை வெடிக்கும், கம்பிகளை இறுக்கும் ஆணிகள் பதிந்த மரக்கட்டையான பின் பிளாக் தளரும், ஆணிகள் சுருதியைப் பிடித்து நிற்காது. நாள் முழுக்க ஏசி போடச் செலவு கட்டுப்படியாகாது என்றால், மேடையை ஒட்டிய சிறு அறை ஒன்றை ஒதுக்கி, ஈரம் உறிஞ்சும் கருவி வைத்துப் பியானோவை அங்கே நிறுத்துங்கள். 50க்கும் 80க்கும் இடையே ஊசலாடுவதைவிட 60இல் நிலையாக நிற்பது எவ்வளவோ மேல். பியானோவுக்குள் பல்பு எரியவிடும் பழைய பழக்கம் வேண்டாம். அது ஓரிடத்தை மட்டும் காய வைக்கும்.

கச்சேரி நாளில் எங்களுக்குத் தேவை நேரமும் அமைதியும். காலையில் இரண்டு மணி நேரம் முழுச் சுருதி. பிறகு கலைஞரின் ஒத்திகை. கதவு திறக்குமுன் இன்னொரு முக்கால் மணி நேரம். அப்போது மைக் சோதனையும் நாற்காலி இழுப்பதும் நடந்தால், ஒரே சுரத்தின் மூன்று கம்பிகளுக்கிடையே எழும் மெல்லிய அதிர்வு காதில் விழாது. மேடை விளக்குகளையும் அப்போதே எரியவிடுங்கள். சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும். ஆர்க்கெஸ்ட்ரா நடு ‘ஏ’ சுரத்தை 442 ஹெர்ட்ஸில் கேட்டால் அதைச் சில நாள் முன்பே சொல்லுங்கள். 440இலிருந்து கடைசி நேரத்தில் ஏற்றினால் நிற்காது.

சுருதி சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. கட்டை 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்; மெல்ல அழுத்தினால், கம்பியை அடிக்கும் சுத்தியல் கம்பிக்கு 2 மில்லிமீட்டருக்குள் நெருங்கி வந்து விடுபட வேண்டும். கட்டை முழுதும் மேலெழுவதற்குள் மறுபடி அடிக்கலாம் என்ற வசதிக்குப் பாரிஸ் பியானோ தயாரிப்பாளர் எரார் 1821இல் காப்புரிமை பெற்றார். அதற்கான ஸ்பிரிங் தளர்ந்த பியானோவில் ராவெல் இயற்றிய ‘ஸ்கார்போ’ என்ற பியானோ உருப்படியை வாசிக்கவே முடியாது. அதன் தொடக்கமே ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிப்பது. அவையினரோ கலைஞர் தடுமாறினார் என்றே நினைக்கும். அந்தப் பழியை அவர் சுமக்கக் கூடாது. சுத்தியலைப் போர்த்திய ஃபெல்ட் என்ற கம்பளித் துணியில் கம்பித் தடம் ஆழமாகப் பதிந்தால் ஒலி வறண்டு கத்தும். சீவி, ஊசி குத்தி மென்மையாக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று முழு நாட்கள் ஒதுக்குங்கள்.

மூடியின் மேல் பூச்செண்டு, தண்ணீர் பாட்டில், விழா மாலை எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு சில அடி தள்ளி இருக்கட்டும். கட்டை இறுகினாலும் ஆணி துருப்பிடித்தாலும் எண்ணெய் விடவே விடாதீர்கள். மரத்தில் ஊறிய எண்ணெயை எடுக்க வழியில்லை, பின் பிளாக்கையே மாற்ற நேரும். எலிக்கும் பூச்சிக்கும் ஃபெல்ட் பிடிக்கும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நகர்த்தும்போது ஏறக்குறைய 500 கிலோ எடை மூன்று கால்களில் நிற்கிறது என்பதை ஆட்களிடம் சொல்லுங்கள். சக்கரம் தரையின் பிளவில் சிக்கியபோது தள்ளினால் கால் முறியும். உயரம் மாற்றக்கூடிய பியானோ இருக்கை ஒன்றும் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் மெத்தை அடுக்கிக் கொடுத்தால் மணிக்கட்டு தவறான கோணத்தில் வேலை செய்யும்.

அடுத்த டிசம்பருக்குப் புதுத் திரைச்சீலையா, வேறெதுவா என்று பட்ஜெட் போடும்போது முதலில் ஓர் ஈரமானி வாங்கிப் பியானோவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். காலையும் மாலையும் அளவைக் குறித்து வைக்க ஒருவரை நியமியுங்கள். மூன்று மாதக் குறிப்போடு எங்களை அழையுங்கள்; எங்கே தொடங்குவது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
பியானோ சுருதி சேர்ப்போர், பராமரிப்போர்