கீமோ நோயாளியின் காய்ச்சலை வரிசையில் உட்கார வைக்காதீர்கள்

தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். நான் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர். சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ கீமோ ஏற்றிக்கொண்டு பலர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். கவுண்ட், அதாவது ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை, அடிமட்டத்துக்கு இறங்குவது பெரும்பாலும் அதற்கப்புறம், ஏழாவது நாளுக்கும் பதினான்காவது நாளுக்கும் நடுவில். அப்போது காய்ச்சல் வந்தால் அவர்கள் ஓடிவருவது எங்களிடம் அல்ல, உங்களிடம்.

நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை, அதாவது கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களை, உண்டாக்குகிறது. சிவப்பணு 120 நாள் தாங்கும். நியூட்ரோஃபிலுக்கு ஆயுள் மணிக்கணக்குதான், மிஞ்சினால் சில நாட்கள். வேகமாகப் பிரியும் அணுக்களைக் கொல்லும் கீமோ மருந்து மஜ்ஜையிலும் உற்பத்தியை நிறுத்திவிடுவதால், இருக்கிற இருப்பு சில நாளில் தீர்ந்துபோகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்க வேண்டிய நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500க்குக் கீழே, சிலருக்கு 100க்கும் கீழே போய்விடும். எண்ணிக்கை இறங்க இறங்கத் தொற்று கூடும் என்பதை மருத்துவர் ஜெரால்ட் போடி ரத்தப் புற்றுநோயாளிகளிடம் கணக்கிட்டுக் காட்டியது 1966இல்.

1882இல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் ஒரு நட்சத்திர மீன் லார்வாவுக்குள் முள்ளைச் செருகினார். மறுநாள் காலையில் அந்த முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கிடந்தன. கிருமியை விழுங்கிச் செரிக்கும் அணுக்கள் பற்றிய அறிவு அங்கிருந்து வளர்ந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கவுண்ட் இல்லாத உடம்பில் முள் குத்தினால் மொய்க்க வருவதற்கு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்.

பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சீழ் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோஃபில்கள். அவையே இல்லாதபோது சீழும் கட்டாது. நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக வரலாம். சிறுநீர்த் தொற்று இருந்தும் பரிசோதனையில் சீழணு (pus cell) இல்லாமல் போகலாம். மருந்து ஏற்றுவதற்காகப் போட்டிருக்கும் குழாயில் கிருமி குடியேறியிருக்கும், அந்த இடம் சிவந்திருக்காது.

அப்புறம் காய்ச்சல் மட்டும் எப்படி வருகிறது? திசுக்களில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களும் விழுங்கும் அணுக்கள்தான், ஆனால் நீண்ட ஆயுள் உள்ளவை. கீமோவுக்குப் பிறகும் அவற்றில் பல மிஞ்சியிருக்கும். கிருமியைக் கண்டதும் அவை இன்டர்லூகின், டிஎன்எஃப் போன்ற எச்சரிக்கைப் பொருட்களைச் சுரக்கின்றன. அதைக் கேட்டு மூளை உடல் சூட்டை ஏற்றுகிறது. ஆட்கள் போய்விட்ட வீட்டில் காவல் நாய் மட்டும் குரைப்பது போலத்தான் அந்தக் காய்ச்சல். பல சமயம் நமக்குக் கிடைக்கும் ஒரே தகவலும் அதுதான். பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் அதுவும் அடங்கிவிடும், கிருமி அப்படியே இருக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ முடித்துப் பத்தாம் நாளில் இருந்த ஒரு அம்மா. ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். பக்கத்து ஊர் மருத்துவமனையில் வரிசையில் உட்காரவைத்து, கடைசியில் இடுப்பில் ஒரு ஊசியும் நாலு மாத்திரையும் கொடுத்து, 'காலையில் ஓ.பி.க்கு வாங்க' என்று அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் மதியம் எங்களிடம் வந்தபோது ரத்த அழுத்தம் 70க்கு இறங்கியிருந்தது. கை கால் சில்லென்று இருந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் குறைந்திருந்ததால் ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து வீங்கியிருந்தது. ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்து வந்தார். அந்த ராத்திரி அங்கே பணியில் இருந்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. தலையில் முடியில்லாத, சோர்ந்துபோன ஒரு பெண்ணைப் பார்க்கும்போது இது அவசரம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் இது தவிர்த்திருக்கக்கூடியது. அதுதான் ஆறவில்லை.

காய்ச்சல் என்று வருபவரிடம் சீட்டு எழுதும் இடத்திலேயே 'கீமோ போட்டீங்களா, எப்போ?' என்று கேளுங்கள். ஆறு வாரத்துக்குள் என்று பதில் வந்தால் நெஞ்சுவலிக்காரரை எப்படி நேரே உள்ளே அழைத்துப் போவீர்களோ அப்படி அழைத்துப் போங்கள். 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலோ, ஒரு முறை 101 தொட்டாலோ போதும். ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வசதி இருந்தால் எடுத்துவிட்டு, செஃபெபிம் அல்லது பைபராசிலின்-டாசோபாக்டம் போன்ற ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஏற வேண்டும். கவுண்ட் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் மொத்த வெள்ளணுவை நியூட்ரோஃபில் சதவீதத்தோடு பெருக்கிப் பாருங்கள்: 1,200இல் 20 சதவீதம் என்றால் கையில் இருப்பது 240தான். இடுப்பு ஊசி வேண்டாம், ஆசனவாய் வழியாக எதுவும் வேண்டாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் வயதானவருக்கும் காய்ச்சலே இல்லாமல் வெறும் தளர்ச்சியும் குழப்பமும் மட்டும் இருக்கலாம், அவர்களையும் விட்டுவிடாதீர்கள். எல்லாருக்கும் படுக்கை தேவைப்படாது, சிலரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அது பரிசோதித்துப் பார்த்த பிறகு எடுக்கிற முடிவு.

எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டின் முதல் பக்கத்தில் கீமோ தேதியையும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும், ராத்திரியிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர வேண்டும் என்று எங்கள் வார்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சீட்டை யாராவது நீட்டினால் முதல் டோஸை ஏற்றிவிட்டு அந்த எண்ணுக்கு அழையுங்கள்.

அன்புடன்,
புற்றுநோய் வார்டு செவிலியர் ஒருவர்