கன்பூசியஸின் கைகள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

"தோற்றுப்போனவன் அடித்த காசை எதற்கப்பா இன்னும் சேர்க்கிறீர்கள்?" என்று போனில் சிரித்துக்கொண்டே கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும், அதனால் எழுதுகிறேன்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டுகளை நீ பார்த்திருக்கிறாய். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் புழங்கியவை. 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிட்டன என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அதே வகையில் இன்னும் சில தேடித்தான் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனேன். கையில் சிக்கியது சீன நோட்டு. அன்றிலிருந்து வாழைமரத்தை மறந்துவிட்டேன். அதில் மரத்தையும் குலையையும் தவிர என்ன இருக்கிறது?

நான் வாங்கியது ஒரு யுவான். ஜப்பானியர் பீக்கிங்கில் 1938இல் தொடங்கிவைத்த சீன ஃபெடரல் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அதன் சித்திரம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. சீனாவை அப்போது ஆண்ட மஞ்சு அரசுக்காக லோரென்சோ ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1910 வாக்கில் போட்டுக்கொடுத்த பழைய வடிவம் அது: டிராகன், கடல், பாய்மரப் படகுகள். அந்த அரசு கவிழ்ந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், இளவரசர் முகம் இருந்த இடத்தில் கன்பூசியஸைப் பொருத்திவிட்டார்கள்.

வழக்கமான படங்களில் கன்பூசியஸ் ஒரு கையை மறு கையால் மூடி மரியாதையாக நிற்பார். என் நோட்டில் லென்ஸை வைத்து விரல்களைப் பார்த்தால், அப்பா மகளுக்கு எழுதக்கூடாத ஒரு சைகை. முகத்தில் மட்டும் அதே சாந்தம். அச்சுத் தகட்டைச் செதுக்கியவன் வேண்டுமென்றே செய்தான், அதற்காக அவன் தலை போனது என்று நோட்டு விற்பவர்கள் கதை சொல்வார்கள். தலை போனதற்கு இதுவரை ஒருவரும் என்னிடம் ஆதாரம் காட்டியதில்லை. கதையைச் சொல்லி விலையை ஏற்றுவதோடு சரி. ஆனால் விரல்கள் அங்கே இருக்கின்றன, நானே பார்க்கிறேன்.

அதே வரிசையில் ஐந்து யுவானில் இருப்பவர் யுவே ஃபெய். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தளபதி. வடக்கிலிருந்து படையெடுத்து வந்தவர்களை எதிர்த்துப் போரிட்டே பெயர் வாங்கியவர். மஞ்சூரியாவைப் பிடித்துக்கொண்டு வடக்கிலிருந்து இறங்கி வந்தவர்களின் வங்கி நோட்டில் அவர் படம்! எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டு அனுமதித்தானோ, நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான்ஜிங் நோட்டுகள் தனி ரகம். வாங் ஜிங்வெய் ஜப்பானியரின் தயவில் அங்கே அரசு அமைத்து, 1941 ஜனவரியில் மத்திய ரிசர்வ் வங்கியைத் திறந்தார். நோட்டில் சீனக் குடியரசின் தந்தை சுன் யாட்-சென் படம். ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட சியாங் காய்-ஷேக் அரசின் நோட்டிலும் அதே சுன் யாட்-சென்தான்! பள்ளியில் உங்களைக் கூட்டிக்கொண்டு போனார்களே, ஆர்மேனியன் வீதி 120ஆம் எண் வீடு, 1910இல் அங்கே உட்கார்ந்து புரட்சிக்குத் திட்டம் போட்ட அதே மனிதர். இரண்டு பக்கமும் அவரையே அச்சடித்துக்கொண்டு, ஷாங்காயில் ஒரு தரப்பின் வங்கியில் வேலை செய்தவர்களை மற்றத் தரப்பு சுட்டுக் கொன்றது.

இந்த நோட்டுகளிலும் சில்லறை விஷமம் உண்டு. ஒன்றின் பூவேலைக்குள் ஆமை ஒளிந்திருக்கிறது; சீனர் வாயில் ஆமை என்பது கெட்ட வசை. இன்னொன்றில் சி, ஜி, டபிள்யூ, ஆர், எஸ் என்று ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. 'மத்திய அரசு விரைவில் திரும்பும்' என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் என்கிறார்கள்; மத்திய அரசு என்றால் சியாங்குடையது. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. உன் அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

1942இல் சியாங் அரசின் பழைய நோட்டு இரண்டு யுவான் கொடுத்தால் வாங்கின் இந்த நோட்டு ஒரு யுவான் என்று கட்டாயமாக மாற்றவைத்தார்கள். போர் முடிந்ததும் கணக்கு தலைகீழானது: இதில் இருநூறு கொடுத்தால் அதில் ஒன்று. அரசு சொன்ன சொல்லைக் கேட்டு மாற்றிக்கொண்ட வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்குமா? தாத்தாவின் பெட்டியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த இடம் வந்தால் லென்ஸைக் கீழே வைத்துவிடத் தோன்றும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். மடிப்பே படாத நோட்டு என்று ஒரு வியாபாரி கொடுத்ததை நம்பி வாங்கினேன். வீட்டில் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் நடுவே மெல்லிய கோடு. கழுவி, இஸ்திரி போட்டு விற்றிருக்கிறான். ஆல்பத்தில் கடைசிப் பக்கம் அதற்கு. எனக்குப் பிறகு விற்பதானால் அதைப் புது நோட்டு என்று சொல்லி விற்காதே. கன்பூசியஸை மட்டும் நீயே வைத்துக்கொள்.

டிசம்பரில் வரும்போது பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வா. போன லீவில் உன் மகன் என்னுடையதை வெயிலில் பிடித்துக் காய்ந்த இலை கொளுத்திப் பார்த்தான், கைப்பிடி உடைந்துவிட்டது. அவனைத் திட்டாதே, இலையைப் பொறுக்கிக் கொடுத்தது நான்தான்.

அன்புடன்,
அப்பா